திரும்பி ஏறும் படிக்கட்டு

எசிஹா நகரில் தோன் ஃபத்ரீக்கே என்ற பிரபு கட்டிய மாளிகையை அண்ணாந்து பார்க்காமல் யாரும் அந்தத் தெருவைக் கடப்பதில்லை. வாசலின் இருபுறமும் கயிறுபோல் முறுக்கிய கல்தூண்கள். மேலே, பழக்குலைகளுக்கு நடுவே குடும்பச் சின்னம். உள்ளே சிவப்புப் பளிங்குப் படிக்கட்டு. அது மட்டும் வாசலுக்கு நேராக இராது. முற்றத்தைத் தாண்டியதும் எதற்கோ பயந்ததுபோல் இடப்பக்கம் ஒதுங்கி, வளைந்து ஏறும். புது மோஸ்தர் என்று ஊர் மெச்சியது.

உண்மைக் காரணம் ஃபத்ரீக்கேயின் மனைவி லெயோகாதியாவுக்கும் மேஸ்திரி கின்யோனெஸுக்கும் மட்டுமே தெரியும். அவளுடைய தாத்தாவின் பழைய வீட்டை இடித்துவிட்டுத்தான் மாளிகை எழுந்தது. அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்கடியில் ஒரு தொட்டி, இறங்கப் படிகள், தெளிந்த ஊற்றுநீர். பழைய காலத்து யூதப் பெண்கள் சமயச் சடங்காக முழுக்குப் போட்ட தொட்டி. மேஸ்திரி வேறோர் ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தார். அந்த வீட்டுக்காரர்களை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"மூடிடுங்க மேஸ்திரி. என் புருஷனுக்குக்கூடத் தெரியக் கூடாது."

"மூடிடலாம்மா. ஆனா ஊத்து மேல பாரம் ஏத்த மாட்டேன். படியத் திருப்பித்தான் கட்டணும்."

"எப்படியோ கட்டுங்க. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

இப்போது மகன் ஹசிந்தோவுக்கு வீரர் சபையின் வெள்ளை அங்கி கிடைக்க வேண்டும். தாய்வழியிலும் தந்தைவழியிலும் யூத ரத்தம் கலக்கவில்லை என்று நிரூபணமானால்தான் அங்கி. இல்லையென்றால் அங்கி போவதோடு முடியாது. ஒளிந்து வாழும் யூதர்களைத் தேடிப் பிடிக்கும் விசாரணைக் குருமார் கதவைத் தட்டுவார்கள்.

குலத்தை விசாரிக்கச் சபை அனுப்பிய தோன் ஓர்தூன்யோ மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். லெயோகாதியா அவர் தட்டில், யூதர்கள் தொடவே தொடாத பன்றிக்கொழுப்பை அள்ளி அள்ளி வைத்தாள்.

"என்ன தோன்யா லெயோகாதியா, ஒரு பன்றி முழுசா என் தட்டுலயே வந்து படுத்திருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சற்றுத் தாமதமாகச் சிரித்தாள்.

விடைபெறும்போது அவர் படிக்கட்டருகே நின்றார். அங்கே சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தை மேஸ்திரி சரிசெய்துகொண்டிருந்தார். ஓர்தூன்யோ கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டார்.

"ஊரே அடுப்பாக் காயுது. இந்தச் சுவர் மட்டும் வேர்க்குதே. அடியில கிணறு இருக்கா?"

"கிணறா! குடிக்கிற தண்ணியே சதுக்கத்துல இருந்து கழுதை மேலதான் வருது" என்றார் ஃபத்ரீக்கே.

"இருக்குங்கய்யா, பழைய கிணறு" என்றார் மேஸ்திரி, அவளைக் காப்பாற்றுவதாக எண்ணி.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

ஓர்தூன்யோ கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "வீட்டுக்காரருக்குத் தெரியாத கிணறு மேஸ்திரிக்குத் தெரியுது. ரொம்ப நல்லது. அதுக்குத்தான் படி திரும்பிச்சா?"

மேஸ்திரி லெயோகாதியாவைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"கடப்பாரை வெச்சிருக்கீங்களா, மேஸ்திரி?"

லெயோகாதியா போய், தொட்டியை மூடிய கல்லின்மேல், வேலைக்காரிகள் உட்காருவதுபோல் தரையோடு தரையாக உட்கார்ந்தாள். "தலை சுத்துது."

"உட்காருங்க தோன்யா, அவசரமே இல்ல" என்ற ஓர்தூன்யோ தனக்கொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

கைகொடுக்கக் குனிந்த ஃபத்ரீக்கேயின் கை பாதியில் நின்றது. இத்தனை வருடம் பார்த்த முகத்தில் நெற்றியை, மூக்கை, கண்களைத் தனித்தனியே பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மாடிக் கைப்பிடியருகே நின்றிருந்த மகனின் முகத்தைப் பார்த்தார்.