சலவைக்கூடத்து ஆவி

மிஸ் பிரியர்லி கண்ணை மூடியதும் ஊருக்கு அவள்மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிட்டது. சிறை வாசலில் நின்று தோத்திரப் பாட்டுப் பாடியவள்மேல் அழுகிய முட்டைக்கோஸை விட்டெறிந்த அதே ஊர்தான். இப்போது சிறைக்கு எதிரே அவள் பெயரில் பெஞ்சு போடுகிறார்களாம். நாட்டை விட்டே தூக்குக்கயிற்றை விரட்டியவர்களில் நம்ம ஊர்க்காரியும் ஒருத்தி என்று மேயர் மார்தட்டிக்கொண்டார். அவர் அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்று யாரும் கேட்கவில்லை.

பெஞ்சைத் திறந்துவைக்க ஆடா ஓர்மரோட்டைக் கூப்பிட்டார்கள். அந்தச் சிறையில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட வில்ஃபின் அம்மா அவள். ஆலை மேஸ்திரியோடு சண்டை போட்டுக் கோபத்தில் இரும்புக் கம்பியால் ஒரே அடி அடித்தான் பையன். மேஸ்திரி பிழைக்கவில்லை.

கூப்பிட வந்தவர் மிஸ் பிரியர்லி நடத்திய சங்கத்தின் செயலாளர் போலிட். ஆடா கொடுத்த தேநீரை உறிஞ்சியபடியே, என்ன பேச வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். கூடப்பிறந்த அக்கா மாதிரி இருந்தாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். எம்.பி. கிளெக் வருகிறார், மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து வில்ஃப் விஷயத்தைக் காதில் போட்டுவிடலாம் என்றார்.

அதைக் கேட்டதும்தான் ஆடா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். தூக்கிலிட்டவர்களைச் சிறை மதிலுக்கு உள்ளேயே புதைத்துவிடுவார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. பெற்றவள் ஒரு பிடி மண் போடக்கூட உள்ளே விடமாட்டார்கள். தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புருஷனுக்கு நட்ட கல்லில் பாதியை அவள் வெறுமையாக விட்டுவைத்திருந்தாள். வில்ஃபைக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கூடப்பிறந்த அக்காவாம்! போலிட்டுக்குத் தெரியாத ஒன்று ஆடாவுக்குத் தெரியும்.

வில்ஃபின் வழக்கில் ஜூரிகள் பன்னிரண்டு பேர்; அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் குற்றவாளி. பதினோரு ஆண்கள், ஒரே ஒரு பெண். தொப்பிக் கடை நடத்திய அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆடா. ஒரு பெண் இருக்கிறாளே, பிள்ளையைச் சாகவிடமாட்டாள் என்று நம்பினாள். பைத்தியக்காரி, நன்றாக நம்பினாள். குற்றவாளி, ஆனால் கருணை காட்டும்படி பலமாகப் பரிந்துரைக்கிறோம் என்று சொல்லிவிட்டு பன்னிரண்டு பேரும் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். மேலிடத்தில் அந்தப் பரிந்துரையை யாரும் சட்டை செய்யவில்லை.

தூக்குக்கு முந்தின வாரம், வில்ஃபைக் காப்பாற்ற மனு ஒன்றை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்காக ஆடாவின் கதவைத் தட்டியவள் அந்தத் தொப்பிக் கடைக்காரிதான்.

"கருணைனு சேர்த்து எழுதினா யாரையும் தூக்குல போடமாட்டாங்கன்னு சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் நான் ஒருத்தி மாட்டேன்னுதான் நின்னேன். அப்புறம்தான்..." என்று வாசல்படியிலேயே அழுதாள் மிஸ் பிரியர்லி.

"அப்புறம் பசிச்சிருச்சாக்கும்" என்றாள் ஆடா. மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தூக்கிலிட்ட அன்று காலையில் சிறை வாசல் காவலர் வந்து, தண்டனை நிறைவேறியது என்ற அறிவிப்பைக் கதவில் மாட்டியபோது, கூட்டத்தில் மண்டியிட்டிருந்தவள் மிஸ் பிரியர்லி ஒருத்திதான். அப்புறம் கடையை விற்றாள். எந்த ஊரில் தூக்கு என்றாலும் ரயிலேறிப் போய் வாசலில் நின்றாள். மேடைதோறும் ஆடாவையும் கூட்டிப்போய், பெற்றவள் வயிறு எரிவதைப் பாருங்கள் என்று காட்டினாள். ஆடா பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். போனதற்குக் காரணம், "வில்ஃபை வெளியே எடுத்து உங்க கையில குடுக்காம நான் சாகமாட்டேன்" என்று அவள் கொடுத்த வாக்கு.

தூக்கை நிறுத்தும் சட்டம் வந்த அன்று சங்கத்தில் கேக் வெட்டினார்கள். முடிஞ்சது ஆடா, என்று கட்டிக்கொண்டாள் மிஸ் பிரியர்லி. வில்ஃபை எப்போது வெளியே எடுப்பது என்று ஆடா கேட்டதற்குப் பார்வையை எங்கேயோ திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று படுத்தவள், ஆடா போகும்போதெல்லாம் தூங்குவதாகச் சொல்லி அனுப்பினாள்.

திறப்பு விழா அன்று நல்ல வெயில். மதிலுக்கு அந்தப் பக்கம் சிறையின் புதுச் சலவைக்கூடக் குழாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சோப்பு நாற்றம் தாங்கவில்லை என்று மேயரின் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆடா எழுந்தாள். மிஸ் பிரியர்லி தனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி என்றாள். அவளை மாதிரி ஒரு நல்ல மனசைப் பார்த்ததில்லை என்றாள். எல்லாம் பிள்ளைக்காக. கூட்டம் கைதட்டியது, போலிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எம்.பி. கிளெக் வந்து கையைப் பிடித்துக் குலுக்கியதும் ஆடா விடவில்லை. என் பையனை எனக்குக் குடுத்திருங்கய்யா என்று நேராகவே கேட்டாள்.

கிளெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "அது அப்பவே முடிஞ்ச விஷயமாச்சேம்மா. அவங்களைப் புதைச்ச இடத்துல சலவைக்கூடம் கட்டறதுக்கு முன்னாடி, குடும்பத்துக்காரங்க யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு சங்கத்தைக் கேட்டாங்க. தூக்கை நிறுத்தற சட்டத்துக்குப் பார்லிமெண்ட்ல ஓட்டெடுப்பு நெருங்கிட்டிருந்த நேரம். இதுல போய்ச் சண்டை போட்டா நாலு பேர் மனசு மாறிருவாங்கன்னு, யாருக்கும் ஆட்சேபணை இல்லைனு மிஸ் பிரியர்லியே சொல்லிட்டாங்க. என்ன விவேகம் பாருங்க! உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே?"

ஆடா அவர் கையை விட்டாள். ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றை வாங்கிவிடலாம் என்று இரண்டாவது தடவையும் நம்பியிருக்கிறாள் அந்த மகராசி. இரண்டு தடவையும் விட்டுக்கொடுத்தது வில்ஃபைத்தான். சட்டம் வந்தது, இனி எவள் பெற்ற பிள்ளைக்கும் கயிறு இல்லை, அதை ஆடா மறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆடாவும்தானே இப்போது, வாயாரப் புகழ்ந்தால் பிள்ளை கிடைப்பான் என்று பேரம் பேசிவிட்டு நிற்கிறாள். சொன்னதைத் திரும்ப அள்ளவும் முடியாது, பத்திரிகைக்காரன் எழுதிக்கொண்டுவிட்டான்.

போட்டோக்காரர் அவளைக் கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தார். உட்கார்பவர்கள் ஆற்றைப் பார்க்கட்டும் என்று சிறைக்கு முதுகு காட்டித்தான் அதைப் போட்டிருந்தார்கள். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"பாட்டிம்மா, கொஞ்சம் அந்த ஓரமா நகர்ந்துக்கங்க. பின்னாடி அந்த ஆவி படத்தைக் கெடுக்குது."

ஆடா நகரவில்லை.

"அதையும் சேர்த்துப் பிடிங்க தம்பி" என்றாள். "அதுக்குக் கீழதான் என் பையன் இருக்கான்."