கூட்டி வைத்த வெளிச்சம்

மதுசனின் கைக்கு டிஜிட்டல் கெமரா வந்த நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் அவன்தான் படக்காரன். யட்டியாந்தோட்டைப் பக்கம் எந்த லயத்து வீட்டில் பெண் பிள்ளைக்குச் சடங்கு வைத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

தங்கை தர்மிளாவுக்கு வரன் வந்தபோது, வரக்காப்பொலை மாப்பிள்ளை வீட்டார் முதலில் படம்தான் கேட்டார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் அவளை நிறுத்தி எடுத்தான். முகம் இருண்டு வந்தது. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கெமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். வெளிச்சத்தின் அளவான எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினான். இப்போது தர்மிளா உள்ளபடியே வந்தாள். நல்ல கறுப்பு, கண்ணுக்குக் கீழே மச்சம், சிரிப்பை அடக்கிய உதடு.

"இது நல்லா இருக்குண்ணே. இதையே அனுப்பு."

"ஹரி ஹரி, நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒண்ணு எடுக்கிறேன், நில்லு."

இன்னொரு படி கூட்டினான். மச்சம் காணாமல் போனது. முகம் அரைத்த தேங்காயாய் வெளுத்தது. அதை அவளிடம் காட்டாமல் போனுக்கு மாற்றி, மாப்பிள்ளை வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். சடங்கு வீடுகளிலும் இப்படித்தான் செய்வான், தாய்மாருக்கு வாயெல்லாம் பல்லாகும். தங்கைக்கும் நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தான், மடையன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இந்திரகுமாரும் அவன் அம்மாவும் வந்தார்கள். தர்மிளா புடவை கட்டி, தேத்தண்ணித் தட்டோடு வந்து குனிந்தாள். அந்த அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார்.

"நீ அக்காவாம்மா? எங்க, பொண்ண வரச் சொல்லேன்."

"இவதாங்க பொண்ணு," என்றாள் மதுசனின் அம்மா.

வந்தவர் தன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார், தர்மிளாவைப் பார்த்தார். பிறகு போனை மடியில் கவிழ்த்துவிட்டார்.

"அனே, மன்னிச்சுக்கம்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது மதுசனுக்கு.

"படத்த நானும் பார்க்கலாங்களா?" என்று தர்மிளா கேட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். இரண்டு கையாலும் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. இது நான் இல்ல."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மதுசன் பின்னாலேயே போனான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

"ஒன் நல்லதுக்குத்தான் புள்ள..."

"அவங்க என்னயக் கறுப்புன்னு ஒரு வார்த்த சொல்லலண்ணே. ஒனக்குத்தான் என்னயக் காட்ட வெக்கமா இருந்திருக்கு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் அவள் சொன்னது உண்மை, அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது. தன்னை நினைக்கவே கூசியது.

வெளியே இந்திரகுமாரின் குரல் கேட்டது.

"அவங்கள வரச் சொல்லுங்க. பேசிட்டுப் போறோம்."

தர்மிளா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். கூடவே நகர்ந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வராத. இங்கயே இரு."

மதுசன் அடுப்படியிலேயே நின்றான்.