அரை மில்லிமீட்டர் வெளியே

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்றால் நீங்கள் அப்படியே நம்பலாம், ஸ்கேன் படமே இருக்கிறது. அந்தப் படத்தை அளந்தவள் என் மனைவி. ஆனால் 'நான்' என்று எழுதப் போனால் பேனா முரண்டு பிடிக்கிறது. ஆகவே இனி அவள் 'அவள்', நான் 'கணவன்'.

2.

முதல் தொடக்கம்: மூளையின் நடுவே, யாரும் நுழையாத ஓர் இருட்டறையில்...

(வேண்டாம். அவள் படித்தால், "அங்க அறையும் இல்ல, கதவும் இல்ல, திசுதான் இருக்கு" என்பாள்.)

இரண்டாவது: அவளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஸ்கேன் படத்தில் நடுமூளையின் மேற்பரப்பில் ஒரு கோடு, உள்ளே நீர் ஓடும் சிறு குழாயின் ஓரத்தில் இன்னொரு கோடு போடுவாள். இடையே எவ்வளவு ஆழம், திசு எவ்வளவு தடிமன் என்று குறிப்பாள். யார் தலை என்று தெரியாது. பெயரை மறைத்து, முகத்தையும் அழித்துத்தான் படம் வரும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டுமே என்று கணவனும் ஒருநாள் போய் ஸ்கேனுக்குப் படுத்துவிட்டு வந்திருந்தான்.

அன்று வந்த படத்தில் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இருபது வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் பார்த்த சாய்வு, முகத்தை அழித்தால் மறைந்துவிடுமா? அளவு குறைவாக வந்தது. ஆளை அடையாளம் தெரிந்தால் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவள் மேற்பரப்புக் கோட்டை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போட்டாள். அளவு சரியாகிவிட்டது.

3.

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். (அழுகையை வெங்காயத்தின் தலையில் போடத்தான்.)

"உங்க படத்துல கோட்டைத் தள்ளிப் போட்டுட்டேங்க."

"ஏன்?"

"நடுமூளை மெலிஞ்சிருக்கு. அங்க மெலிஞ்சா சிலருக்குக் கீழ பார்க்கக் கஷ்டமாயிடும். படியில விழுவாங்க. நீங்கதான்னு தெரிஞ்சதும் கை தானா போயிடுச்சு."

"எனக்கா மெலிவு? மண்டைக்கனம் பிடிச்சவன்னு நீதானே சொல்லுவே?"

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு லேப் மேடம்கிட்ட சொல்லிடறேன். வேலை போனாலும் போகட்டும், வேற யாராவது அளக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்கயாவது விழுந்தீங்களா?"

"சேச்சே" என்றான் கணவன்.

4.

முடிவு அ: புது அளவு சரியாக இருந்தது. இருவரும்

முடிவு ஆ: புது அளவும் குறைவாகவே

(முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.)

கணவனாவது கத்திரிக்காயாவது! நான்தான் விழுந்தேன். போன மாதம் இரண்டு தடவை, அலுவலகப் படியில். படிதான் வழுக்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பயந்துவிடுவாளே என்று மறைத்தேன். அவளும் பயத்தில்தான் கோட்டைத் தள்ளினாள். ஆனால் தன் பொய்யை ஒரு நாள்கூட வைத்திருக்க அவளால் முடியவில்லை. மேடத்திடம் போய்ச் சொல்லி, திட்டு வாங்கி, எனக்குப் புது ஸ்கேனுக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

ஸ்கேன் வியாழக்கிழமை. அளவு கூடுமா குறையுமா என்று உங்கள் மனம்போல் முடித்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். எனக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. அவள் குளித்துவிட்டு வந்ததும் இந்தத் தாள்களை நீட்ட வேண்டும். திட்டுவாள், நன்றாகத் திட்டட்டும். அப்புறம் வியாழக்கிழமை என்கூட வருவாள்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. மன்னியுங்கள், முதலில் அவள் படிக்கட்டும்.