டீச்சர் படித்த காதல் கதை

காலைப் பேருந்தில் கடமலைக்குண்டு பள்ளிக்குப் போகும்போது தலைமையாசிரியை உமாதேவி காதல் நாவல் படித்துக்கொண்டிருந்ததை யாரோ படமெடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அட்டையில் ஒரு டாக்டர், நர்ஸின் கழுத்தில் முகம் புதைத்திருந்தான். 'நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்றவுக லட்சணம்' என்று கீழே ஒரு வரி. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கணவர் சுரேஷ்கண்ணன் பயந்துபோனார். "நாளைக்கு மீட்டிங்ல கேப்பாக. பஸ்ல யாரோ விட்டுட்டுப் போனது, சும்மா புரட்டிப் பாத்தேன்னு சொல்லிரு."

"நான் ஆசையா வாங்குன புத்தகத்தை எதுக்கு அடுத்தவுகளோடதுன்னு சொல்லணும்?" என்றாள் உமாதேவி.

கல்லூரியில் காதல் நாவல்களைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள். கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பயந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள். ஐம்பது வயதில் இனியும் ஒளிப்பதற்கு அவளுக்கு மனமில்லை.

மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் உட்கார இடமில்லை. ஒன்பதாம் வகுப்பு யுவராணியின் அப்பா ஒச்சாண்டி எழுந்து கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், இது நீங்கதான?"

"நான்தாண்ணே." பையிலிருந்து அதே புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "காதல் கதை. எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"இதையெல்லாம் பாத்தா பொம்பளப் பிள்ளைக கெட்டுப் போகாதா?"

"இது பெரியவுக படிக்கிறது, பிள்ளைகளுக்குக் குடுக்கலை. நான் காலேஜ்ல இருந்து படிக்கிறேன். கெட்டா போயிட்டேன்? போன வருசம் யுவராணி படிப்பை நிப்பாட்டி மில்லுக்கு அனுப்பப் பாத்தீகளே, வீடு தேடி வந்து சண்டை போட்டது யாரு?"

"நீங்கதான்." ஒச்சாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "குரூப்புல போட்டோவை அழிக்கச் சொல்றேன் டீச்சர்."

"போட்டோ இருக்கட்டும்ணே. அட்டை நல்லாத்தான் விழுந்திருக்கு, என் மொகத்துலதான் வெளிச்சம் பத்தலை. கீழ எழுதுன வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் இருந்து மூக்கம்மாள் கேட்டாள்: "டீச்சர், அந்த நர்சம்மா கடைசில டாக்டரையா கட்டிக்கிறா?"

"பாதிதான் வந்திருக்கேன் ஆத்தா. அவன் மன்னிப்புக் கேக்காம அவ விடமாட்டா."

"முடிச்சிட்டு எங்கிட்டக் குடுங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன்."

"அவளுக்கப்புறம் நான்" என்றாள் பக்கத்திலிருந்த பூமாரி.

உமாதேவி புத்தகத்தை மேசை ஓரமாக நகர்த்தினாள். "சரி, பொம்பளப் பிள்ளைக கழிப்பறையில ஒரு வாரமாத் தண்ணி வரலை. மோட்டாரை யாரு பாக்கிறது?"

ஒச்சாண்டி மறுபடி எழுந்தார்.