கையெழுத்தின் எடை

பத்து பாகாட் நகரில் சுபத்திரா நடத்தும் பொறியியல் ஆலோசனை நிறுவனத்துக்கு மூத்த கட்டமைப்புப் பொறியாளர் வேலை கேட்டு வந்த முதல் ஆள், நேர்காணலின் நடுவே கூரை வரை மிதந்துபோனார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வரைபடத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு வருஷத்துக்கு வருஷம் எடை குறைவது அந்தத் தொழிலில் சகஜம். சட்டைப்பையில் இரண்டு கல்லாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், பாவம்.

சுபத்திரா சாலையும் வடிகாலும் படித்தவர். கட்டட வேலைகளைப் பார்த்துவந்த பழைய பொறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். கையில் மிச்சமிருந்த ஒரே பெரிய வேலை காளிதாஸின் துணி ஆலை விரிவாக்கம். அதுவும் போனால் அலுவலகத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

அடுத்து வந்தவர் விஜயேந்திரன். ஒல்லியான மனிதர்தான், ஆனால் படியேறும்போதே படிக்கட்டு முனகியது. உட்கார்ந்ததும் நாற்காலி நொறுங்கியது. மாற்று நாற்காலியும் நொறுங்கவே, மீதிக் கேள்விகளுக்கு நின்றபடியே பதில் சொன்னார். குளுவாங்கில் பள்ளிக்கூடம், மூவாரில் பாலம், சிம்பாங் ரெங்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்று அவர் கையெழுத்திட்ட ஒவ்வொன்றின் எடையிலும் ஒரு பங்கு அவர்மேல் இறங்கியிருந்தது. மனைவி வாசுகி வீட்டில் சிமெண்டால் கட்டில் கட்டி வைத்திருந்தார். அலுவலகத்துக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் செல்லப்பன் மேலே வந்து, அரிசியில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று பணிவாகப் புகார் சொல்லிவிட்டுப் போனார்.

காளிதாஸும் அன்று வந்திருந்ததால் ஆலையின் வரைபடத்தையே சோதனையாகக் கொடுத்தார்கள். விஜயேந்திரன் நெடுநேரம் பார்த்தார். மேல்தளத்தில் நெசவு இயந்திரங்கள் ஓடும்போது தளம் அதிரும், கீழே இன்னும் இரண்டு தூண் வேண்டும் என்றார்.

"அங்க தூண் போட்டா லாரி எப்படித் திரும்பும்? வேற கம்பெனில சைன் போட்டுத் தருவாங்க லா," என்றார் காளிதாஸ்.

"தருவாங்க பாஸ். நான் போட்டா நான்தான் தூக்கணும். கீழ வேல செய்றவங்க தலைக்கு மேல இது நிக்கணும்ல."

சுபத்திரா வரைபடத்தைக் காளிதாஸ் பக்கம் நகர்த்தினார்.

"இவர்தான் எங்க சீனியர் இன்ஜினியர். அவர் சொன்னா சொன்னதுதான்."

காளிதாஸ் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே மிதந்தவரிடம் போனார். அவரும் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். ஆனால் மை காய்வதற்குள் கையெழுத்து காகிதத்தை விட்டு எழும்பி, ஜன்னல் வழியே வெளியேறி, மீன் சந்தைப் பக்கமாகப் பறந்துவிட்டது. மறுபடி போட்டதும் அதே வழியில் போனது. வாரக் கடைசியில் காளிதாஸ் திரும்பி வந்து, லாரிக்கு வேறு பாதை வைத்துக்கொள்கிறேன் என்றார்.

இரண்டு தூணும் சேர்ந்த வரைபடத்தில் விஜயேந்திரன் கையெழுத்திட்டார். பொறுப்பில் தனக்கும் பங்கு உண்டு என்று நிறுவனத்தின் சார்பில் சுபத்திராவும் கீழே போட்டார். இதற்குள் செல்லப்பன் கடையில், விஜயேந்திரனின் மேசைக்கு நேர் கீழே ஒரு தூண் எழுப்பியாகிவிட்டது. செல்லப்பன் அதில் முருகன் நாள்காட்டி மாட்டியிருந்தார்.

ஆலையில் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய காலை, சுபத்திராவின் நாற்காலி உடைந்தது. தரையில் உட்கார்ந்தபடியே அவர் சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு கீழே போய், இன்னொரு தூண் வேண்டியிருக்கிறது என்று செல்லப்பனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்களுக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டு, செல்லப்பன் வெங்காய மூட்டைகளை நகர்த்தத் தொடங்கினார்.