கென்னாவின் கழுத்து

மல்யுத்த ஃபைனலின் முதல் சுற்று தொடங்கி நாற்பது நொடிகூட ஆகவில்லை, கென்னா வோல்மர் தன் நெற்றியால் ஓபலின் மூக்கை உடைத்துவிட்டாள். தெரியாமல் பட்டுவிட்டது என்று நடுவரிடம் கையை விரித்தாள். தெரிந்துதான் இடித்தாள். ஓபலின் ரத்தம் நீல விரிப்பில் கொட்டியது. ஒருவர் துணியோடு ஓடிவந்து துடைத்தார், இன்னொருவர் ஓபலின் மூக்குத் துளைகளில் பஞ்சை அடைத்தார், ஆட்டம் மறுபடி தொடங்கியது. அயோவாவில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. மேல் வரிசையில் இருந்த ஒரு கிழவர் சோளப்பொரி மெல்வதைக்கூட நிறுத்தவில்லை.

இத்தனைக்கும் அன்று காலை எடை பார்க்கும் வரிசையில் இரண்டு பெண்களும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் நின்றார்கள்.

"உனக்கு காலேஜ் லெட்டர் வந்துச்சாடி?" என்று ஓபல் ஷ்ரோடர்தான் ஆரம்பித்தாள்.

"வந்துச்சு. சேத்துக்கறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. மார்ச்ல மறுபடி பாக்கறோம்னு தள்ளி வச்சுட்டாங்க."

"அட, எனக்கும் அதே லெட்டர், அதே காலேஜ்! கணக்குல சி கிரேடு வாங்கினா வேற என்ன வரும்?"

"ஒரே ஒரு சி தானா? எனக்கு மூணு. தள்ளி வச்சவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேருக்குத்தான் இடம் கெடைக்குமாம். அந்த அஞ்சு பேர்ல மூணு சி வாங்கினவ யாரும் இருக்க மாட்டாளாம். எங்க ஸ்கூல்ல ஆலோசனை சொல்றவர் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

"அந்தக் காலேஜ் மல்யுத்த கோச் பெக்வித் அம்மா உங்கிட்டயும் பேசினாங்களா?"

"பேசினாங்க. அட்மிஷன் ஆபீசுக்கு ஒரே ஒரு பேர்தான் எழுதித் தர முடியும், ஃபைனலைப் பாத்துட்டு முடிவு பண்றேன்னாங்க. ஜெயிக்கிறவளுக்குத்தான், வேற யாருக்கு?"

"அப்ப எனக்குத்தான்னு சொல்லு."

"உன் மூக்கு அழகா இருக்குடி. இப்பவே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ," என்றாள் கென்னா.

கென்னாவுக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்க வேண்டியதுதான். அவள் அம்மா லோர்னா பதினெட்டு வருடம் பிடித்தாள். இப்போது வலது கையில் மூன்று விரல் மடங்காது. அந்தக் கையால்தான் தட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் சுற்றில் இருபது நொடி மிச்சம். ஓபல் இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். கென்னா அவள் சுண்டுவிரலைப் பிடித்து நடுவருக்குத் தெரியாமல் பின்பக்கம் வளைத்தாள். ஓபல் அலறினாள், பஞ்சு தெறித்து விழுந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் ஓபலுக்கு அப்போது வந்தது. கென்னாவின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, நூற்று நாற்பத்தைந்து பவுண்டையும் தலை உயரத்துக்குத் தூக்கி, தலைகீழாக விரிப்பில் அறைந்தாள். அரங்கமே அதிர்ந்தது. கிழவர்கூட மெல்வதை நிறுத்தினார்.

விசில். அப்படித் தூக்கி அடிப்பது குற்றம். அடிபட்டவளுக்கு இரண்டு நிமிடம் உண்டு. அதற்குள் எழுந்தால் மிச்ச ஆட்டத்தை ஆட வேண்டும். எழ முடியாவிட்டால் வெற்றி அவளுக்கே.

கென்னாவின் பயிற்சியாளர் ரப்பர்ட் ஓடிவந்து மண்டியிட்டார். "கை கால் அசையுதா?"

"அசையுது."

"அப்ப எழுந்திரு..." என்று ஆரம்பித்தவர் புள்ளிப் பலகையை ஒருமுறை பார்த்தார். குரல் தாழ்ந்தது. "அவசரமில்ல. கழுத்து வலிக்கும், இல்ல?"

கென்னாவுக்கு நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். காது ரீங்கரித்தது. கழுத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. எழுந்து மிச்சமிருக்கும் சில நொடி அடித்துக்கொள்ளலாம், ஆனால் எழுந்தால் தோற்பாள். பக்கத்தில் ஓபல் முகமெல்லாம் ரத்தமும் கண்ணீருமாக, "சாரிடி, சத்தியமா வேணும்னு பண்ணல," என்று தேம்பிக்கொண்டிருந்தாள். கென்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குது, கோச்."

இரண்டு நிமிடம் ஓடி முடிந்தது. நடுவர் குனிந்து, படுத்திருந்தவளின் கையையே தூக்கிக் காட்டினார். மருத்துவ உதவியாளர் அவள் கழுத்தில் கெட்டியான வெள்ளைப் பட்டை ஒன்றை மாட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைத் திருப்பக் கூடாது என்று நாற்காலியில் உட்கார வைத்தார். பதக்கத்தைப் பட்டைக்கு மேலேயே போட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது என்றே கென்னா நினைத்தாள்.

கோச் பெக்வித் நேராக அவளிடம் வந்தார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"பாரும்மா, நான் ஓபல் பேரைத்தான் எழுதப் போறேன்."

"ஆனா ஜெயிச்சது நான்!"

"ஜெயிக்கிறவளுக்குன்னு நான் சொன்னேனா? பாத்துட்டு முடிவு பண்றேன்னுதான் சொன்னேன். பாத்தேன். மூக்கு உடைஞ்சு, உன்னை அப்படியே தலைகீழா தூக்கினா பாரு, அவளுக்கு ஆட்ட விதியை நான் சொல்லிக் குடுத்துக்குவேன். அடிபட்ட கழுத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்க டாக்டர் கையெழுத்தே போட மாட்டாரு. உன் விண்ணப்பத்தை மார்ச்ல எல்லாரோடதையும் பாக்கற மாதிரி பாப்பாங்க."

எல்லாரோடதையும் போல. மூன்று சி-யோடு.

கென்னா வாயைத் திறந்தாள். எனக்கு ஒண்ணுமில்ல, சும்மாதான் படுத்திருந்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலடி தள்ளி நடுவர் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்; அவர் காதில் விழுந்தால் பதக்கமும் போகும். அவருக்குப் பின்னால் ஓபல், இன்னும் அழுதுகொண்டு, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பேச முடியலையா?" பெக்வித் குனிந்தார். "அவ்வளவு வலியா?"

"ஆமா," என்றாள் கென்னா.

"அசையாதடி செல்லம், அசையாத," என்று அழுதபடி ஓடிவந்தாள் லோர்னா. மடங்காத விரல்களால் தட்டுத்தடுமாறி, மகளின் கழுத்துப் பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.