நாலு எழுத்து

ராயபுரம் கரிக்கிடங்கின் ஆபீஸ் வாசலில் காலையிலேயே கூலிகள் கூடிவிட்டார்கள். கப்பல் வரத்து குறைந்துபோனதால் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கொஞ்ச நாளாக நடமாடிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவனை வைத்துக்கொண்டு கைநாட்டுக்காரனை அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லப்போக, எல்லோரும் அதை நம்பியிருந்தார்கள். வரதனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் விட்டுப்போயிருந்தது. மனசுக்குள் சௌக்கத் அலிக்கு நன்றி சொல்லிக்கொண்டே நின்றான்.

கயிற்றுக்கடை சௌக்கத் அலி, விளக்கு வைத்த பிறகு அவனைக் கடைப் பலகையில் உட்கார்த்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். காசு வாங்கவில்லை. ஆள் குறைப்புப் பேச்சு காதில் விழுந்ததும், முதலில் பேர் எழுதட்டும், வாசிப்பதெல்லாம் அப்பால் பார்த்துக்கொள்ளலாம் என்று முறையை மாற்றினார். வரதன் கரித்துண்டால் வீட்டுச் சுவரெல்லாம் தன் பேரை எழுதினான். பெண்சாதி சொக்கம்மாள் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. சுவர் நிறைந்ததும் சுண்ணாம்பு அடித்துக்கொடுத்தாள்.

கூடக் கரி வாரும் மண்ணாங்கட்டியையும் பாயிடம் கூப்பிட்டுப் பார்த்தான். “உம் பேரு நாலு எழுத்து, மாமு. எம் பேரை எழுதி முடிக்கறதுக்குள்ள கப்பலே பூடும்” என்று அவன் நழுவிவிட்டான்.

குமாஸ்தா ஜார்ஜ் வெளியே வந்து, கையெழுத்துக்காரர்கள் இந்தப் பக்கம், கைநாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் என்று பிரித்தார். கைநாட்டு வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போயிற்று. இந்தப் பக்கம் வரதனும் இன்னும் சிலரும்தான்.

உள்ளே நாற்காலி போட்டிருந்தது. “உட்காருங்க” என்றார் ஜார்ஜ். அந்த ஆபீசில் வரதனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. வேட்டிக் கரி ஒட்டிவிடுமோ என்று விளிம்பில் உட்கார்ந்தான். முன்னால் அச்சடித்த காகிதம், அடியில் ஒரு கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வ, ர, த என்று இறக்கி, கடைசி எழுத்துக்கு மறக்காமல் புள்ளியும் வைத்தான். கையெழுத்து நன்றாயிருக்கிறதே என்று சொல்லி ஜார்ஜ் ஒற்றுத்தாளை அழுத்தியபோது, வரதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து மண்ணாங்கட்டிக்காகச் சன்னலோரம் நின்றான். கைநாட்டுக்காரனுக்குக் காகிதத்தை வாசித்துக்காட்டிய பிறகுதான் விரலில் மை தடவ வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். சின்னக் குமாஸ்தா உரக்க வாசித்தார்: “என் சொந்தச் சம்மதத்தின் பேரில் இன்றோடு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். இனிக் கம்பெனியாரிடத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை.”

“நான் எப்ப சம்மதிச்சேன்?” என்றான் மண்ணாங்கட்டி. கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள். வெகுநேரம் இழுபறி நடந்தது. துறையில் ஒரு கப்பல் கரிக்குக் காத்து நிற்கவே, துரை வந்து அத்தனை பேரையும் வேலைக்கே திருப்பி அனுப்பினார்.

வரதன் ஜார்ஜிடம் ஓடி, தான் போட்டதும் அதே காகிதந்தானா என்று கேட்டான். அதேதான் என்றார் அவர்.

“எனக்கு ஏன் சார் படிச்சுக் காட்டல?”

“கைநாட்டுக்குத்தாம்ப்பா படிச்சுக் காட்டணும். நீ நாலு எழுத்து தெரிஞ்சவனாச்சே.”

சாயங்காலம் கயிற்றுக்கடைக்குப் போனான். சௌக்கத் அலி வாசலுக்கே எழுந்து வந்துவிட்டார்.

“இன்னா நைனா, போட்டியா?”

“போட்டேன் பாய். ஒரு எழுத்து கோணல. குமாஸ்தாவே நல்லா கீதுன்னாரு. எல்லாம் ஒங்களாலதான்.”

அது பொய்யில்லை. மிச்சத்தை அவன் சொல்லவில்லை. பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனைப் பலகையில் உட்காரவைத்து, கயிற்றுச் சுருளுக்குப் பின்னாலிருந்து ஒரு பாலபாடத்தை எடுத்துத் தூசு தட்டினார்.

“இனிமேபட்டு வாசிக்க ஆரம்பிக்கலாம்” என்று முதல் பக்கத்தைப் பிரித்தார்.

கிடங்கில் ராத்திரி வேலைக்கு ஆள் கூப்பிடும் சங்கு ஊதியது. வரதன் பாதி எழுந்துவிட்டான். பிறகு மெல்ல உட்கார்ந்து, பாய் காட்டிய எழுத்தின் மேல் விரலை வைத்தான்.